கடைசியாகக் கிளம்புகிறவர்

விளிஹாடா துறை,
ஜூன் 21

அக்கா அர்கிரோவுக்கு,

போனில் பேசாதே, ஒரு வரிகூட அனுப்பாதே, எல்லாவற்றையும் கோர்ட்டில் தோண்டி எடுப்பார்கள் என்று என் வக்கீல் சொல்லிவிட்டார். உன் வக்கீலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆகவே காகிதம். கிரீட் போகிற கப்பலில் காப்பிக் கடை வைத்திருக்கும் நம் லெஃப்தேரிஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் வாய் ஓட்டை, கை சுத்தம்.

நீ ஏன் கிரீட்டில் அந்த ஹெராக்லியோன் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பெரியவருக்கு நீ உறவா? ஊரில் கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் முழிக்கிறேன்.

வக்கீலிடம் நான் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். நீ வேறு மாதிரி நினைவு வைத்திருந்தால் சொல். நார்வேயிலிருந்து வந்த அந்தக் கல்யாண வீட்டார் நம் இரண்டு படகையும் காலை அரை நாளுக்கு மொத்தமாக எடுத்திருந்தார்கள். பெண்ணின் பெரியப்பா ஹால்வர் என் படகில் ஏறினார். செங்கரையில் நிறுத்தியபோதே பிள்ளைகள் இந்தப் படகுக்கும் அந்தப் படகுக்கும் தாவ ஆரம்பித்தார்கள். ஒரே கூட்டம்தானே என்று நானும் விட்டேன், நீயும் விட்டாய். கமேனித் தீவில் வெந்நீர் ஊற்றுக்கு வெளியே நிறுத்தி எல்லாரையும் தண்ணீரில் இறக்கினோம். நீந்தித் திரும்பியவர்கள் பக்கத்தில் எது இருந்ததோ அதில் ஏறினார்கள். காற்று கிளம்புவதற்குள் தெராசியா தீவுக்குப் போய்ச் சாப்பாடு போட வேண்டும் என்று எஞ்சினை எடுத்தோம். பெரியவர் உன் படகில் இருப்பார் என்று நான் நினைத்தேன். என் படகில் இருப்பார் என்று நீ நினைத்தாய்.

மற்ற நாளாக இருந்தால் ரேடியோவில், "அக்கா, எல்லாம் ஏறியாச்சா?" என்று கேட்டிருப்பேன். "ஏறியாச்சு, நீ போடா" என்று நீ சொல்லியிருப்பாய். அன்றைக்கு இருவரும் வாய் திறக்கவில்லை. என் குழந்தையின் ஞானஸ்நானம் முடிந்து மூன்று நாளாக நாம் பேசவில்லை.

தெராசியாவில் இரண்டு படகையும் சேர்த்துக் கட்டிச் சாப்பாடு பரிமாறியபோது ஒரு தட்டு மிஞ்சியது. இறாலும் தக்காளி வடையும் வைத்த தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நீ என்னைப் பார்த்தாய். "பெரியவர் உன்கிட்ட இல்ல?" என்றாய். மூன்று நாளில் நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

இனி நான் கேட்பது ஒன்றுதான். ஏறியவர் என் படகில் ஏறினார், ஆகவே சட்டப்படி பொறுப்பு என்னுடையது என்கிறார்கள். ஆனால் நம் வீட்டு வழக்கம் அதுவல்ல என்று உனக்குத் தெரியும். இரண்டு படகும் ஒரே வீடு, கடைசியாகக் கிளம்புகிறவர் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அப்பா வைத்த வழக்கம். கல்யாணப் பிள்ளைகள் எடுத்த வீடியோவில் உன் படகு என் படகுக்குப் பின்னால்தான் கிளம்புகிறது. விசாரணையில் அந்த வழக்கத்தை நீ சொன்னால் சுமை இரண்டாகப் பிரியும். எனக்குக் கைக்குழந்தை இருக்கிறது.

தம்பி,
ஜன்னிஸ்

*

ஹெராக்லியோன்,
ஜூன் 26

ஜன்னிஸ்,

லெஃப்தேரிஸ் உன் கவரோடு ஒரு பொட்டலம் பருப்பும் கொடுத்தான். லெமோன்யா கொடுத்தனுப்பியதாகச் சொன்னான். உன் பெண்டாட்டிக்கு நன்றி சொல். ஆஸ்பத்திரி வாசலில் அதை எங்கே வேகவைப்பது என்று அவள் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

நீ நடந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். நாம் திரும்பிப் போனபோது அவர் மிதவையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. நான் குதித்துப் பிடித்தபோது, "ஸாரி, நான் மெதுவாத்தான் நீந்துவேன்" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், ஜன்னிஸ். படகில் ஏற்றியதும் அவர் இதயம் நின்றுவிட்டது. ஊரில் கேட்கிறவர்களுக்கு இந்தப் பதிலைச் சொல்.

கல்யாண வீட்டார் எல்லாரும் விமானம் ஏறிவிட்டார்கள். கல்யாணப் பெண் சிக்ரித் மட்டும் இருக்கிறாள். தேனிலவுக்குப் போக வேண்டிய பெண், இதயப் பிரிவு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்குகிறாள். அவள் தூங்கும்போது நான் விழித்திருக்கிறேன். அவ்வளவுதான் என் வேலை.

நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பாவின் வழக்கம் வேண்டுமா உனக்கு? நல்லது. அம்மாவின் பேர் எங்கே?

அம்மா போய் ஆறு மாதம் ஆகவில்லை. ஊரே குழந்தையை அம்மா பேரால் ஃப்ளோரா என்று கூப்பிடக் காத்திருந்தது. குழந்தைக்கு நான் பின்னிய சட்டையில் அந்தப் பேரைத் தைத்திருந்தேன். தொட்டித் தண்ணீருக்கு மேலே குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஞானத்தாய் உன் மாமியார் பேரைச் சொல்கிறாள். எனக்கு அதை முன்கூட்டிச் சொல்ல உனக்கு வாய் இல்லை. கோயில் முழுக்க ஜனங்கள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா பேரை வாசலில் விட்டுவிட்டு, அப்பா வழக்கத்தை மட்டும் உள்ளே அழைக்கிறாய். வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைக் கழிக்க வீடு என்ன காய்கறிக் கடையா? என் வக்கீல், "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவர் உங்க படகுல ஏறல, அதோட முடிஞ்சுது" என்கிறார். எனக்கும் அது சுலபமாக இருக்கிறது.

அர்கிரோ

*

விளிஹாடா,
ஜூலை 3

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு துறைக்குப் போய் நின்றேன். இரண்டு படகும் முத்திரை வைத்துக் கட்டிக் கிடக்கின்றன. பக்கத்துப் படகுக்காரன் ஸ்டாவ்ரோஸ் நம் வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டு போகிறான். போகும்போது தொப்பியைத் தூக்கி வணக்கம் வேறு வைக்கிறான், வயிற்றெரிச்சலுக்கு.

பேர் விஷயம். என் படகில் அம்மா பேர் இருக்கிறதே, அது போதாதா என்று நினைத்தேன். சரி, அது சாக்கு. உண்மையைக் கேள். பிரசவத்தில் லெமோன்யாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டர் வரவில்லை, காற்று. அவள் அம்மா தெக்லா தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு அந்தக் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தாள். விடிந்ததும் லெமோன்யா என் கையைப் பிடித்து, "எங்கம்மா பேர வைக்கலாமா?" என்றாள். அந்த நேரத்தில் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? உன்னால் முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை.

உன்னிடம் சொல்லப் பயந்தேன். எனக்கு உன்னிடம் பயம், அது ஊருக்கே தெரியும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். கடைசியில் ஞானத்தாய் வாயால் நீ கேட்க வேண்டியதாயிற்று.

ஆனால் நீயும் ஒன்றை ஒப்புக்கொள். கோயிலிலிருந்து மெழுகுவர்த்தியைக் கீழே போட்டுவிட்டுப் போனாய். விருந்துக்கு வரவில்லை. மறுநாள் துறையில் நான் குட்மார்னிங் சொன்னேன், நீ கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கோபம் வந்தால் எல்லா இடத்திலிருந்தும் முதலில் கிளம்புகிறவள் நீ. அன்றைக்கு ஒருநாள் மட்டும் கடைசியாகக் கிளம்பினாய், அன்றைக்கும் தண்ணீரைப் பார்க்கவில்லை.

எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

ஜன்னிஸ்

*

ஹெராக்லியோன்,
ஜூலை 19

ஜன்னிஸ்,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு வாரம் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். இன்று எழுதக் காரணம், ஹால்வர் கண் விழித்துப் பேசினார்.

சிக்ரித் கீழே காப்பி குடிக்கப் போயிருந்தாள். நர்ஸ் என்னை உள்ளே விட்டாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். நம் இங்கிலீஷ் உனக்குத் தெரியுமே, இறாலையும் இன்சூரன்ஸையும் தவிர வேறு எதையும் ஒழுங்காகப் பேச வராது. எப்படியோ பேசிக்கொண்டோம்.

"நீங்கதான் சின்னப் படகு கேப்டன்" என்றார்.

"ஆமா."

"அந்தப் பையன் உங்க எதிரியா?"

"யாரு?"

"பெரிய படகு கேப்டன். காலையில இருந்து நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியைக் கூடப் பாத்துக்கல. நான் சிக்ரித்கிட்ட கேட்டேன், ரெண்டு கம்பெனி சண்டையா இதுன்னு. இல்ல பெரியப்பா, அக்கா தம்பியாம்னா. ஐயோ, அப்ப அது இன்னும் மோசம்னேன்."

சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் வந்து திட்டினாள். அவருக்கும் ஒரு தங்கை இருந்தாளாம். அப்பா விட்டுப்போன தோணிக்கொட்டகை யாருக்கு என்று சண்டை. கொட்டகை மழையில் விழுந்தே போயிற்று, அதற்குப் பிறகும் பேசவில்லையாம். தங்கை இப்போது இல்லை. அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

எந்தப் படகை நோக்கி நீந்தினீர்கள் என்று கேட்டேன். அதைக் கேட்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "உங்களோடது. அதுதான் பக்கத்துல இருந்துச்சு. கையக்கூட ஆட்டினேன்" என்றார்.

அடுத்து என்ன பேசினேன் என்று நினைவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

லெமோன்யாவுக்கு அவள் அம்மா ரத்தம் கொடுத்த கதையை நீ முன்னமே சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், ஆனால் கோயிலை விட்டுப் போயிருக்க மாட்டேன். இதை மட்டும் தெரிந்துகொள்.

அர்கிரோ

*

விளிஹாடா,
ஜூலை 22

அக்கா!

கடவுளுக்கு நன்றி. லெமோன்யா நிக்கோலாஸ் கோயிலுக்கு ஓடிப்போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் வாசலிலேயே நின்று அழுதேன். ஸ்டாவ்ரோஸ் பார்த்துவிட்டான். பார்க்கட்டும்.

வக்கீலிடம் சொன்னேன். அவர் துள்ளிக் குதித்தார். ஆள் பிழைத்துவிட்டால் வழக்கு பாதி கரைந்துபோகும் என்கிறார். இனி ஒரு சின்ன வேலைதான் பாக்கி. அவர் உன்னோடு நன்றாகப் பேசுகிறார் அல்லவா, அப்படியே இரண்டு வரி வாங்கிவிடு. தான் சொல்லாமல் தனியாகத் தூர நீந்திப் போய்விட்டதாகவும், கேப்டன்கள் மேல் தப்பில்லை என்றும். நல்ல மனுஷராகத் தெரிகிறார், மறுக்க மாட்டார். முடிந்தால் உன் படகுப் பக்கம் வந்ததையும் சேர்த்துக்கொள்ளச் சொல். உனக்கு அதனால் பெரிய கெடுதல் வராது என்கிறார் வக்கீல்.

சீக்கிரம் செய். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்குள் முத்திரையை உடைத்துக் கொடுத்தால் மிச்ச சீசனையாவது பிடிக்கலாம்.

உன் தம்பி

*

ஹெராக்லியோன்,
ஜூலை 27

ஜன்னிஸ்,

ஹால்வர் வியாழக்கிழமை காலையில் இறந்துவிட்டார். இரண்டாவது தடவை இதயம் நின்றதாம். சிக்ரித் பக்கத்தில் இருந்தாள். நான் காப்பி வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம்தான் உன் கடிதம் வந்தது. அவர் கட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்று, "இரண்டு வரி வாங்கிவிடு" என்று படிக்கிறேன். நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். கெட்டவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நான் ஏன் வருகிறேன் என்று சிக்ரித் கேட்காமலே இருந்தாள், நானும் சரியாகச் சொல்லாமலே இருந்தேன். படகுக்காரி இரக்கப்பட்டு வருகிறாள் என்று நினைத்திருந்தாள். அன்றைக்குச் சொன்னேன். "உன் பெரியப்பா என் படகுக்குத்தான் நீந்தி வந்தார்" என்றேன்.  "நீங்க தினமும் வந்தது அதுக்காகவா?" என்றாள். தெரியவில்லை என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

அவர்களுக்கு நம் வழக்கம் கிடையாது என்று தெரிந்தும் இறந்தவர்களுக்குப் படைக்கும் கோதுமையை வேகவைத்தேன். பக்கத்துத் தெருப் பாதிரியார், "அவர் நம்ம சபை இல்லையே அம்மா" என்றார். "தண்ணிக்கு எந்தச் சபை, ஃபாதர்?" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஜெபம் சொன்னார்.

இனி இது இறப்பு வழக்கு. செப்டம்பரில் சைரோஸ் தீவில் விசாரணை. நான் என்ன சொல்வேன் என்று கேட்டு எழுதாதே. எனக்கே தெரியாது.

அர்கிரோ

*

விளிஹாடா,
ஆகஸ்ட் 28

அக்கா,

இந்த ஒரு மாதம் எத்தனையோ கடிதம் எழுதினேன், எதையும் லெஃப்தேரிஸிடம் கொடுக்கவில்லை. அவன் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டுகிறான், நான் இல்லை என்று தலையை ஆட்டுகிறேன். "என்னடா, சண்டை முடிஞ்சுதா, முத்திப்போச்சா?" என்று கேட்கிறான்.

இரண்டு வரி வாங்கச் சொன்ன அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அதை எழுதியவனை நானே துறையிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன்.

முக்கியமாக ஒன்று. அப்பாவின் வழக்கத்தைப் பற்றி நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் என் படகில் ஏறினார். காலையில் நான்தான் கை கொடுத்து ஏற்றினேன், கனமான கை. ஏற்றினவன்தான் எண்ண வேண்டும். உன் வக்கீல் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இரு. உன் படகும் உரிமமுமாவது வீட்டில் மிஞ்சட்டும். எனக்கு உள்ளே போக நேர்ந்தால் லெமோன்யாவையும் குழந்தையையும் நீ பார்த்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். பேரைச் சொல்லிக் கூப்பிடாவிட்டாலும் பார்த்துக்கொள்வாய்.

ஜன்னிஸ்

*

சைரோஸ்,
செப்டம்பர் 9

அக்கா,

கோர்ட் வாசலில் காப்பிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ உன் வக்கீலோடு மாடிப்படி இறங்கிப் போவதைப் பார்த்தேன். கூப்பிட்டேன். உனக்குக் கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா என்று தெரியவில்லை. நீ கிரீட் கப்பலில் ஏறினாய் என்று சொன்னார்கள். வீட்டுக்கு ஏன் வரவில்லை?

நான் சொல்லாதே என்றுதானே எழுதினேன்? ஏன் சொன்னாய்?

உன் வக்கீல் உன் கையைப் பிடித்து இழுத்ததை எல்லாரும் பார்த்தார்கள். நீ உதறிவிட்டு எழுந்து நின்றாய். "எங்க ரெண்டு படகும் ஒரே வீடு. கடைசியாக் கிளம்புறவங்க தண்ணியப் பாக்கணும். அன்னைக்கு நான்தான் கடைசி" என்றாய்.

நீதிபதி அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, "இந்த வழக்கம் எங்கயாவது எழுதி வெச்சிருக்கா?" என்றார்.

"எங்கப்பா வாயில இருந்துச்சு. அவரு செத்த பிறகு எங்க ரெண்டு பேர் வாயிலயும் இருந்துச்சு."

"அப்ப ஏன் பாக்கல?"

 நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தண்ணியப் பாக்கல. இவன் முதுகப் பாத்துக்கிட்டே வந்தேன். திரும்பி ஒரு வார்த்த பேசுவானான்னு பாத்துக்கிட்டே வந்தேன்" என்றாய்.

அக்கா, நான் திரும்ப நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ரேடியோ என் கையிலேயே இருந்தது. நீ முதலில் பேசட்டும் என்று அதைத் திரும்ப மாட்டினேன். இதையும் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன், என் வக்கீல் என் கோட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். நீ உதறினாய், நான் உட்கார்ந்தேன். நம் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

தீர்ப்பை நீயே கேட்டாய். இருவருக்கும் தண்டனை, இருவருக்கும் நிறுத்தி வைப்பு, ஜெயில் இல்லை. எனக்கு வசந்தம் வரைக்கும் படகு கிடையாது. உனக்கு ஐந்து வருஷம் உரிமம் கிடையாது. தண்ணீரைப் பார்க்க வேண்டியவள் என்று நீயே ஒப்புக்கொண்டதால் உனக்கு அதிகமாம். அப்பா உனக்குத்தான் முதலில் சுக்கானைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். 

சிக்ரித் கடைசி வரிசையில் இருந்தாள். போகும்போது என்னிடம் வந்து, "உங்க அக்கா எங்க?" என்று கேட்டாள். போய்விட்டாள் என்றேன். "எப்பவும் இப்படித்தானா?" என்றாள்.

வீட்டுக்கு வா.

ஜன்னிஸ்

*

ஹெராக்லியோன்,
மார்ச் 14

தம்பி ஜன்னிஸுக்கு,

குளிர்காலம் முழுக்க உன் கடிதங்கள் வந்தன. பதில் எழுதவில்லை. இங்கே ஒரு மீன் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி நல்லவர், மீன்தான் பழசு.

கோர்ட்டில் நான் பேசியது உனக்காக என்று நினைத்து உருகாதே. ஹால்வருக்காகச் சொன்னேன். அவர் கையை ஆட்டினார், யாரும் பார்க்கவில்லை. அதை யாராவது ஒருவர் சபையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. படியில் நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன், அதனால் திரும்பவில்லை. இதுவும் ஒரு வியாதி. நம் இருவருக்கும் இருக்கிறது.

போன வாரம் சிக்ரித் ஒரு அட்டை அனுப்பினாள். நார்வேயில் அந்தத் தோணிக்கொட்டகை இருந்த இடத்தின் படம், வெறும் கல்லும் புல்லும்தான். பின்னால் ஒன்றும் எழுதவில்லை, தன் பேரை மட்டும் போட்டிருக்கிறாள். மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அட்டையைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஈஸ்டருக்கு முன்னால் உன் படகைத் தண்ணீரில் இறக்குவாய். என் படகு 'கிளாரோஸை' விற்றுவிடு, அல்லது ஸ்டாவ்ரோஸுக்கே கொடு, அவன் வயிறும் நிறையட்டும். இரண்டு படகு இனி வேண்டாம். சனிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். லெஃப்தேரிஸ் எனக்குக் காப்பி இலவசம் என்கிறான், பார்க்கலாம்.

ஃப்ளோரா என்று தைத்த அந்தச் சட்டையைப் பிரித்துவிட்டேன். அந்த நூலோடு இன்னும் கொஞ்சம் வாங்கிச் சேர்த்தேன். குழந்தை வளர்ந்திருப்பாள், பெரியதாகவே பின்னியிருக்கிறேன். தெக்லாவிடம் சொல், அத்தை வருகிறாள் என்று.

எனக்கு உரிமம் இல்லை என்று கவலைப்படாதே. கயிறு பிடிக்கவும் தட்டு கழுவவும் உரிமம் வேண்டாம். கமேனியில் எஞ்சினை எடுப்பதற்கு முன்னால் என்னைக் கேள். நான் உன்னோடு பேசாமல் இருக்கிற நாளாக இருந்தாலும் கேள். நீ ஓட்டு. தண்ணீரை நான் பார்க்கிறேன்.

அக்கா,
அர்கிரோ